மீட்டர் குழி

நெல்லித்தோப்பில் எனக்கு நூற்றுப் பதினாறு இணைப்பு.
இரும்பு மூடியைக் கொக்கியால் நெம்பித் தூக்கி
கட்டைவிரலால் கண்ணாடி துடைத்து
எண்ணைக் குறித்துக்கொண்டு போகிற வேலை.

மூடி திறந்த மாத்திரத்தில்
சிலது சுருண்டுவிடும்,
மிளகு கொட்டியது போலக் கிடக்கும்.
சுருளத் தெரியாதவை
செங்கல் இடுக்குக்கு ஓடும்.

மரவட்டை என்பார் கூட வருகிற பெத்ரு.
மரவட்டை வேறு, அது கூட்ஸ் வண்டி.
இதற்குப் பதினாலே கால்.
சட்டைப்பையில் ஒன்று வீடுவரை வந்துவிட்ட அன்று
விளக்கடியில் வைத்து எண்ணினேன்.
பக்கத்தில் அமலோற்பவம்
மார்க்கெட் இறாலை உரித்துக்கொண்டிருந்தாள்.
முதுகில் அதே ஓட்டு வரிசை.
ஒன்றின்மேல் ஒன்று ஏறிய அதே விளிம்பு.
'பங்காளிங்க போல' என்றேன்.
அன்றைக்கு அவள் இறால் தொடவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்,
காய்ந்த குழியில் இவை இருப்பதில்லை.
ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால்
அடிவயிற்றுப் பையில் ஒரு சொட்டு ஈரம்,
அதற்குள் வெள்ளை வெள்ளையாய்க் குஞ்சுகள்.
எப்போதோ கடலைவிட்டுக் கிளம்பியது
கையோடு கொஞ்சம் முடிந்துகொண்டு வந்திருக்கிறது.
சட்டையைக்கூட ஒரேயடியாய்க் கழற்றாது.
இன்றைக்குப் பின்பாதி,
முன்பாதி இரண்டு நாள் கழித்து,
தவணையில் கடன் அடைக்கிற என்னைப்போல.

பவுலின் டீச்சர் வீடு பூட்டிப் பதினோரு மாதம்.
மீட்டர் 4071.
போன மாதமும் 4071.
குழியில் மட்டும் திருவிழாக் கூட்டம்.
கையை விட்டுத் தடவினேன்:
மீட்டருக்கு முன்னாலேயே குழாய் கசிகிறது.
யார் கணக்கிலும் ஏறாத தண்ணீர்.

எழுதிக் கொடுத்தால் ஆள் வருவான்.
ஒரு வாஷர், ரெண்டு சுற்று சணல்,
அரை மணி நேரம்.
ஏப்ரல் வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

குனிந்தபடியே இருந்தேன்.
ஒரு மிளகு மெல்ல விரிந்தது,
முதலில் மீசை,
பிறகு, யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, மற்றது.

'பூட்டு, 4071' என்று மட்டும் எழுதினேன்.
மூடியை லேசாய்த் திறந்துவைத்தேன்.
உடனே திரும்பிவந்து
இறுக்கிச் சாத்தினேன், உள்ளே காய்ந்துவிடும்.

தெருக்கோடி வீட்டில் அந்தோணியம்மா
குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.
தண்ணி ஏறவே மாட்டேங்குது தம்பி,
எங்க போவுதுன்னே தெரியல.

பாக்கறேன்மா என்றேன்.
அவர் முகத்தைப் பார்க்காமல்
நோட்டைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன்.