பக்கவாட்டுப் படம்

மார்த்தாண்டத்தில், பாலத்துக்கு அடியில்
எங்கள் எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது.
மழை பெய்கிறதென்று
உள்ளே வருகிறவர்களின் முடி சொல்லித்தான் தெரியும்.

றோஸ்லெட், நாற்பத்து நாலு,
அருமனைப் பக்கம் அண்டியாபீஸில் தல்லுகிறவள்.
சீட்டில் டாக்டரின் கிறுக்கல்:
கழுத்து. மூன்று படம்.
நின்று, குனிந்து, நிமிர்ந்து.

"மாலையக் கழத்தணுமா சாரே?"
கழற்றப் பார்த்தாள்.
கொக்கி விரலுக்குப் பிடிபடவில்லை.
பெருவிரலும் அடுத்த விரலும் மரத்துப் போச்சாம்.
"பருப்பு முழுசா வருதா ஒடஞ்சு வருதாண்ணு
கண்ணால பாத்தாத்தான் தெரியுது.
ஒடஞ்சதுக்குக் கூலி கொறவு."
வெளியே பெஞ்சில் இருந்த யாரோ வந்து
கழற்றிக் கொடுத்தார்கள்.

இரண்டு கையிலும் மணல்பை கொடுத்தேன்.
தோள் இறங்கினால்தான்
ஏழாவது எலும்பு ஒளியில் விழும்.
"நேரா பாருங்க, தாடையக் கொஞ்சம்..."
அதோடு நிறுத்திக்கொண்டேன்.

தாடை ஒரு விரல் தாழ்ந்தால்
நல்ல கழுத்தும் படத்தில் நேராகிவிடும்.
பத்து வருஷம் தெரியாமல்
எத்தனை பேரை நேராக்கி அனுப்பினேனோ!
"எங்க பாக்கத் தோணுதோ அங்க பாருங்க" என்றேன்.
அவள் கதவைப் பார்த்தாள்.

வெட்டுக்கத்தியின் முதுகுபோல
முன்பக்கம் லேசாகப் பிதுங்கி நிற்க வேண்டும் கழுத்து.
இவளுடையது பள்ளிக்கூட அடிஸ்கேல்.
நேர்வழி, நேர்மை, கோயிலுக்கு நேர்ச்சை,
எல்லாம் நேரில் நல்லதென்றே கேட்டு வளர்ந்தோம்.
எலும்புக்கு அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
ஒரு தீப்பெட்டி அட்டை நுழையும் இடம்தான் மிச்சம்.
ஓரங்களில் கிளிமூக்கு.
இரண்டு மழையும் தவறாத மாவட்டத்தில்
அந்த ஒரு இடுக்கில் மட்டும் வறட்சி.

வளைவு போனதால் வட்டு தேய்ந்ததா,
வட்டு தேய்ந்ததால் வளைவு போனதா?
ஒருநாள் டாக்டர் அனிற்றாவிடம் கேட்டேன்.
நேந்திரங்காய் சிப்ஸ் கடித்துக்கொண்டே சொன்னார்:
"ரெண்டும் சேந்துதான் போகும் பல பேருக்கு.
எது முந்திண்ணு கேட்டா எனக்குத் தெரியாது.
வலிச்சு இறுகின சதையும் கழுத்த நிமித்தும்.
வலியே இல்லாம ஸ்கேலு மாதிரி கழுத்தோட
நாலு பிள்ளை பெத்து நடக்கவளும் உண்டு."
படத்துக்கு நேற்று என்று ஒன்று இல்லை.
இன்றைக்கு எப்படி நிற்கிறதோ அவ்வளவுதான்.

"இனி குனியுங்க."
எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.
தலை தன் இடத்துக்குத் தானாகப் போனது.
கையும் கூடவே எழுந்தது.
இடக்கையில் இல்லாத அண்டி,
வலக்கையில் இல்லாத தடி.
"கை வேண்டாம், கைய விடுங்க" என்றேன்.
வெட்கப்பட்டு இறக்கினாள்.
இருபத்தாறு வருஷம்
ஒரே சொடுக்கில் பதிந்தது.
வளைவு எதிர்ப்பக்கம் திரும்பி
கூன்போட்டு நின்றது.

"இனி மேல பாருங்க."
"மேலண்ணா எங்க?"
ஓதம் பூத்த கூரை,
அதற்கும் மேலே பாலம்,
பாலத்தில் கேரளாவுக்குப் போகிற லாறியின் அதிர்வு.
அவள் மெல்ல மெல்ல நிமிர்ந்தாள்.
எந்த எலும்பும் பழைய வளைவை
கொஞ்சமாவது திருப்பித் தந்தது.
ஐந்தும் ஆறும் மட்டும்
பாகம் பிரித்த நாளிலிருந்து பேசாத
அண்ணன் தம்பி போல
அசையவே இல்லை.

படத்தை விளக்கத்தில் வைத்தபோது
எட்டிப் பார்த்தாள்.
முதல் படத்தில் விரல் வைத்தாள்,
அண்டிக்கறை ஏறிய, உணர்ச்சியில்லாத விரல்.
முகம் தெளிந்தது.
"நேராத்தானே இருக்கு சாரே!
பொறவு எதுக்கு நோவுது?"

டாக்டர் சொல்லுவார் என்றேன்.
நான் சொல்லக் கூடாது, அது சட்டம்.
சொல்லலாம் என்றாலும்
எந்தச் சொல்லில் தொடங்குவது?

கொக்கி மறுபடி பிடிபடவில்லை.
மாலையைக் கைக்குட்டையில் சுருட்டி
பர்ஸில் திணித்துக்கொண்டு
குடை விரித்துப் போனாள்.
நான் கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டினேன்,
தாடை நெஞ்சைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து.