ஒற்றைக் கோடு

காலை ஆறரைக்கு முதல் வேலை
போனைக் கொடுத்துவிடுவது.
பச்சைப் பெட்டி, பதினொரு பொந்து,
ஏழாவதில் என் பெயர்: தயாளினி.
அதன் பிறகுதான் கவசம், முகமூடி,
சிவப்புத் தடிகளுக்கு நடுவே ஒரு மீற்றர் அகலப் பாதை.

மண்ணைக் கேட்கிற கருவிக்குப் பக்கத்தில் போன் இருந்தால்
இல்லாத இரும்பு கத்தும்,
இருக்கிற இரும்பு சிலவேளை வாயே திறக்காது.
எழுதிப் படித்திருந்தோம்.
நம்பியது மரியசீலன் அண்ணை மறந்துபோய்
காற்சட்டைப் பையோடு வந்து நின்ற அன்றைக்கு.
கருவி முதலில் கிரீச்சிட்டது,
விட்டுவிட்டு, அணில் போல.
இரண்டு விநாடி கழித்துத்தான் அவருடைய மணி அடித்தது.
யாரோ அவரைத் தேடிக் காற்றில் வந்ததை
அவருக்கு முன்னமே
நான் கேட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இவர் கட்டாரிலிருந்து எடுப்பார்.
வீட்டுக்குள் ஒரு கோடும் இல்லை.
முத்தையன்கட்டுக் குளக்கட்டில்
மூன்றாவது மருதமரத்துக்குக் கீழே ஒற்றைக் கோடு,
அதுவும் காற்றடித்தால் போய்விடும்.
காதோடு அழுத்தி ஒரு மணித்தியாலம்.
கன்னம் சுட்டது.
இவருடைய குரலின் சூடென்று நினைத்த வயதும் இருந்தது.

மாசியில் வில்வராசா படிவத்தோடு வந்தார்.
புது டவர் வேண்டாமாம்.
தென்னை குரும்பை கொட்டுமாம், சிட்டுக்குருவி செத்துப்போகுமாம்,
பிள்ளைகளுக்கு மூளை காயுமாம்.
நூற்றிருபத்தாறு கையெழுத்து,
இரண்டு பெருவிரல்.
அவருடைய போன் சட்டைப்பையில்
நெஞ்சோடு ஒட்டி மினுங்கிக்கொண்டிருந்தது.

நாளைக்குத் தாறேன் என்றேன்.

இரவு, மகள் நித்திரை.
நட்சத்திரம், வேலி, பூச்சியம், ஏழு, வேலி என்று
கடைக்காரப் பொடியன் சொல்லித்தந்த மாதிரி அழுத்தினேன்.
ஓர் எண் வந்தது, புள்ளியோடு:
ஒரு கிலோ உடம்பு எத்தனை வாட் குடிக்கும் என்று.
போன் முழுத் தொண்டையில் கத்தும்போது அளந்ததாம்.
எப்போது கத்தும்?

குளத்துக்கு அந்தப் பக்கம் மாடு மேய்க்கிறவனை
நான் எப்படிக் கூப்பிடுவேன்!
பக்கத்தில் நின்றால் கண்ணைக் காட்டினாலே போதும்.
அப்படியென்றால் அந்த ஒற்றைக் கோடு
சிக்கனம் இல்லை.
எட்டாத கோபுரத்தை நோக்கி
என் காதுக்குள் நின்று போன் போட்ட கூக்குரல்.

எக்ஸ்றே மாதிரி இது உடைக்காது, சூடாக்கும்
என்று மருத்துவத் தாதி சொன்னாள்.
அதற்கு மேல்?
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.
எனக்கு அந்தப் பதில் பிடித்தது.
என் வேலையிலும்
பார்த்து முடிக்காத நிலத்தை
நல்ல நிலம் என்றும் சொல்வதில்லை,
கெட்டதென்றும் சொல்வதில்லை.
கயிறு கட்டி, கொஞ்சம் தள்ளி நடப்போம்.

மகளின் தலையணைக்குக் கீழிருந்து போனை எடுத்து
அலுமாரிக்கு மேலே வைத்தேன்.

படிவத்தில் கையெழுத்து வைக்கவில்லை.
கீழே எழுதினேன்:
*வரட்டும். பள்ளிக்கூடத்திலிருந்து தள்ளி.
நிறுத்திய பிறகு அளந்து
எண்ணை எங்களுக்குக் காட்டட்டும்.*
வில்வராசா மூன்று தரம் வாசித்தார்.
கொம்பனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்.
அவரோடு இப்போது கதையில்லை.

இந்த வெள்ளி, மருதமரத்து வேரில் போன்,
ஒரு முழம் தள்ளி நான்,
இடையில் வெள்ளை வயர்.
"ஏன் குரல் தூரத்தில கேக்குது?"
"போன் தூரத்தில இருக்கு."
"நான்?"
அதற்குள் காற்று,
இவருடைய பேச்சு நார்நாராய்க் கிழிந்தது.

எல்லாம் தெரிந்தும்
வயரைப் பிடுங்கிவிட்டுக் காதில் வைத்தேன்.
ஒரு நிமிசம்தான்.
எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்,
நாற்பது வரைக்கும்.