எட்டு

பதக்கம் படைக்குத்தான், ஆளுக்கில்லை என்று
தொலைபேசியில் அந்தப் பெண் இரண்டு முறை சொன்னாள்.
அதனால்தான் அப்பாவும் உள்ளே வந்தார்,
கூட்டத்தோடு கூட்டமாக,
சீட்டில்லாமல் பஸ் ஏறியவர் போல.

பதினோரு பேர். நீர்மூழ்கியில் வந்து
அமாவாசையில் கரையேறியவர்கள்.
வானொலிப் பெட்டி அப்பாவின் முதுகில்.
ஆறாம் மாதம், ஒரே வாரத்தில்
ஏழு பேரைப் பிடித்தார்கள்.
முதலில் பிடிபட்டவர் சிலுவைதாசன்.
எழுவரில் வீடு திரும்பியவரும் அவர் மட்டும்தான்.
செத்திருந்தால் தியாகி.
ஊட்ரம் சாலைச் சிறையிலிருந்து
நடந்து வெளியே வந்ததுதான் குற்றம்.

விசாரணை நடக்கவில்லை. தீர்ப்பு மட்டும் இருந்தது:
காப்பிக்கடையில் எழுந்து
வேறு மேசைக்குப் போகும் முதுகுகள்.
அப்பா மறுக்கவில்லை, ஒப்பவும் இல்லை.
சட்டைப் பொத்தானை அம்மாதான் மாட்டிவிடுவாள்.
சீனப் புத்தாண்டு ஆரஞ்சைப் பல்லால் உரிப்பார்.
கேட்டால், கை மரத்துப்போச்சு என்பார்.

மண்டபத்தில் மீன்கடைக் குளிர்.
நாற்காலிகளில் பெயரட்டை.
ஆங்கில அகரவரிசைக்கு இரக்கம் கிடையாது:
ஓங்குக்கு அடுத்த இடம் சிலுவைதாசனுக்கு.

ஓங் குவான் ஹெங்கின் தங்கை, சியூ ஹூன்.
எண்பத்தெட்டு வயது, மடியில் கம்பளிச் சால்வை.
சிராங்கூன் சாலையில் அப்பாவைக் கண்டால்
கார் வருவதையும் பார்க்காமல்
எதிர்ப்பக்கம் போய்விடுபவள்.
இன்று சக்கர நாற்காலிக்கு பிரேக் போட்டிருந்தார்கள்.

மேடையில் ஒருவர் "அசையாத உறுதி" என்றார்.
பதினோரு பெயரையும் ஒரே மூச்சில் படித்தார்,
அப்பா பெயரில் ஓர் எழுத்தை விழுங்கி.
கைதட்டல் பொதுவாக இருந்தது,
யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.
பதக்கம் அருங்காட்சியகத்துக்குப் போகும்.
எங்களுக்கு ஆளுக்கொரு சான்றிதழ், நெகிழி உறையில்.

சியூ ஹூன் மலாயில் கேட்டாள்,
என்னைப் பார்க்காமல்:
உன் அப்பா சொல்லிவிட்டாரா?

எழுபத்து நான்கு வயதில்
முதல்முறையாக ஒருவர் என்னிடமே கேட்கிறார்.
தெரியாது என்றேன்.
எனக்குத் தெரியாதுதான்.

பலகாரத் தட்டு வந்தது. போனது.
அவள் கறிப்பஃப்பைத் தொடவில்லை, நானும்.
யாரோ படம் எடுக்க, நெருங்கி உட்காரச் சொன்னார்கள்.
உட்கார்ந்தோம்.

நகம் திரும்ப முளைத்ததா?

எனக்கு அது கேள்வி என்றே முதலில் புரியவில்லை.
இரண்டு, என்றேன்.

சால்வைமேல் இரு கைகளையும் விரித்தாள்.
எட்டு விரல்களை
ஒவ்வொன்றாக மடக்கினாள்.