படம் மட்டும் பாக்கி

கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில்
பதினாறு பேர் நாங்கள்.
மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு,
விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
மூன்றாவது வளைவுக்குள்
யாராவது எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார்கள்.
அன்றைக்கு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.
பக்கத்தில் இருந்தவள்
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்,
இடமே இல்லாத ஜீப்பில்.

ஒச்சம்மாதான் காதோடு சொன்னாள்:
எம் மகன் போனுக்கும் வந்துச்சு.
ஒம் மக படம்.

உண்மையைச் சொல்கிறேன் நிவாஷினி,
முதலில் வந்தது உன் மேல் கோபம்.
ஓங்கிய கையோடுதான் வளைவில் இறங்கினேன்.
ஒருநாள் கூலியை விட்டு
ஒச்சம்மாவும் குதித்தாள்.

சாயங்காலம் திரும்பும்போது
சோதனைச் சாவடியில்
தூக்குவாளியைத் திறக்கச் சொல்வார்கள்,
முந்தானையை உதறச் சொல்வார்கள்,
நாலு ஏலக்காய் ஒளிந்திருக்கிறதா என்று.
உன் படம்
குமுளி போய், கட்டப்பனை போய்,
நம் தெருவுக்கே திரும்பி வந்திருக்கிறது.
ஒருவரும் கை காட்டி நிறுத்தவில்லை.

உள்ளே தாழ்ப்பாள்.
ஓங்கின கையால்தான் கதவைத் தட்டினேன்,
மெதுவாக.
அம்மா மட்டும்தான், என்றேன்.
வெகுநேரம் கழித்துத் திறந்தாய்.

எல்லாரும் பாத்திருப்பாங்கல்லம்மா?

இல்லை என்று சொல்ல
நாக்கு நுனிவரை வந்தது.
பாத்திருப்பாங்க, என்றேன்.
அப்புறம்தான் உனக்கு அழுகை வந்தது.
எனக்கும்.

மழைக்காலத்தில் தோட்டத்துக்குள்
எத்தனை அட்டை ஏறும் தெரியுமா?
புகையிலையும் சுண்ணாம்பும் பூசிப் போனாலும் ஏறும்.
உதிர்ந்த பிறகும் ரத்தம் நிற்க நேரமாகும்.
அட்டை கடித்தால்
யாரும் காலைத் திட்டுவதில்லை.
இதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.
இப்போதுதான் வருகிறது.

எல்லாவற்றையும் அழிக்கப் போனாய்.
இருத்தா, என்று ஒச்சம்மா
இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்தாள்.
மகனை உட்காரவைத்து எழுதி வாங்கியது:
யார் அனுப்பினான், எந்த குரூப், எத்தனை மணி.
கீழே அவன் கையெழுத்து.
அவனும் வந்து சொல்லுவான், என்றாள்.
அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

மகளிர் ஸ்டேஷனில்,
பையன் கேரளா சைடா, அப்ப அங்கல்ல போகணும்
என்று ஒருவர் பேனாவை மூடினார்.
ஏட்டம்மா அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டார்.
புள்ள இங்கதான இருக்கு, இங்கயே எழுதலாம்.
உன்னிடம் அவர் முதலில் கேட்டது,
ஏன் அனுப்பினாய் என்றல்ல.
தூங்கினாயா என்று.

அன்று ராத்திரி
பூச்சிமருந்து டப்பாவை
ஒச்சம்மா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.
எதற்கென்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.
நிலைப்படியில் பாய் விரித்தேன்.
நீ புரளும்போதெல்லாம் எழுந்து
தண்ணீர் வேண்டுமா என்றேன்.
நாலாவது தடவை,
அம்மா நீ தூங்கு, என்றாய் எரிச்சலாக.
அந்த எரிச்சல் எனக்கு எவ்வளவு நிம்மதி!

படம் முழுக்கப் போய்விட்டதா?
தெரியாது.
அந்தப் பையனை விசாரிக்கிறார்கள்.
இன்னும் சிலர் ஜீப்பில் தள்ளித்தான் உட்காருகிறார்கள்.
எனக்குக் காலை நீட்டிக்கொள்ள வசதி.

எட்டாம் நாள் போனைத் திறந்தாய்.
தஸ்லிமா அனுப்பியிருந்தாள்.
நீதான் வாசித்துக் காட்டினாய்:
பயாலஜி ரெக்கார்ட் ஒனக்கும் சேத்து எழுதிட்டேன்.
படம் மட்டும் பாக்கி.

அவ வரைஞ்சா தவளை மாதிரியே இருக்காது, என்று
பெட்டியைக் கவிழ்த்துப் பென்சில் தேடினாய்.
சீவிச் சீவி
முனை உடைந்து
மறுபடியும் சீவினாய்.