பதினொரு லிட்டர்

இந்தப் பெட்டியை லிட்டரில் அளக்கிறார்கள்,
பாலை அளப்பதுபோல்.
என்னுடையது பதினொரு லிட்டர்.
தாலினில் இருந்து ஹெல்சிங்கிக்குப் போகும்
திங்கட்கிழமைக் கப்பலில்
என் முதுகுப்பைக்குள்
பூட்ஸுக்கும் கறுப்பு ரொட்டிக்கும் இடையில்
அது அடங்கிவிட வேண்டும்.

சாரம் கட்டுவது என் தொழில்.
ஒவ்வொரு தளத்திலும் ஓர் அட்டை தொங்கும்:
சதுர மீட்டருக்கு இருநூறு கிலோ.
யாரும் இருநூறை ஏற்றுவதில்லை.
ஆனாலும் இருநூறுக்குத்தான் கட்டுகிறோம்,
ஒருவன் தடுக்கி விழ
இன்னொருவன் பிடிக்க ஓடும் அந்த நொடிக்காக.

இவ்வளவு தெரிந்தவன்
கம்ப்யூட்டருக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்த்தேன்.
கிராபிக்ஸ் கார்டு இருநூற்றிருபது,
பிராசஸர் நூறு,
விசிறி, விளக்கு, சில்லறை எல்லாம் சேர்ந்து ஐம்பது.
சிமென்ட் மூட்டைக் காகிதத்தில் பென்சிலால் கூட்டினேன்:
முன்னூற்றெழுபது வாட்.
அறைத்தோழன் டோனிஸிடம்
நானூற்றைம்பது வாட் பவர் சப்ளை ஒன்று கிடந்தது,
பழசு, இருபது யூரோ.
எண்பது மிச்சம். விரலுக்கேற்ற வீக்கம் என்று
என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை இரவுகளில்
கெர்ட்டுவோடு விளையாடுவேன்.
அவள் தார்த்துவில். விவாகரத்தாகி மூன்று வருடம்.
வீடு அவளுக்கு, கார் எனக்கு,
புதன்கிழமையை மட்டும் எந்த வக்கீலும் பிரிக்கவில்லை.
"இடப்பக்கம் ஒருத்தன்."
"குண்டு மிச்சம் இருக்கா?"
"விழுந்துட்டேன், வந்து தூக்கிவிடு."
சேர்ந்து வாழ்ந்தபோது
இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை நாங்கள்.

நவம்பரில் ஓர் இரவு
பாலம் வெடித்து, பனி சிதறி, திரையெல்லாம் தீ.
அந்தத் தீக்கு நடுவே அவள்,
"ஊர்மஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், நான்..."

டக்.

விசிறியும் நின்ற அறையில்
டோனிஸின் குறட்டை மட்டும்.

பொத்தானை அழுத்தி, அது விழித்து,
கடவுச்சொல்லைத் தப்பாக அடித்து, மறுபடி அடித்து,
உள்ளே போனபோது அவள் இல்லை.
ஒரு வரி இருந்தது:
"பழைய பழக்கம் போகல, இல்ல?"

பாதிப் பேச்சில் கதவைச் சாத்திவிட்டுப்
போனவன்தான் நான். பலமுறை.
இந்த முறை போகவில்லை என்று
எந்த முகத்தோடு சொல்வது?

மறுநாள் சாயங்காலம் இத்தாகெஸ்குஸில் ஒரு கடை.
யால்மரி என்ற பையன் என் காகிதத்தைப் பார்த்தான்.
"சராசரியைக் கூட்டியிருக்கீங்க.
கார்டு சாதாரணமா சாது.
திரையில வெடிச்சா மட்டும்,
கண் இமைக்கிறதுல நூத்துல ஒரு பங்கு நேரம்,
ரெண்டு மடங்கு கேக்கும்.
தர முடியாத சப்ளை தன்னைக் காப்பாத்திக்கும், மூடிக்கும்.
கெட்டுப்போகல அது. பயந்துபோச்சு."

நான் அவன் முகத்தைப் பார்க்காமல்
அலமாரியைப் பார்த்தேன்.

பெரிய சைஸ் மலிவு. என் பெட்டிக்குள் நுழையாது.
சின்ன உடம்பு, எழுநூற்றைம்பது வாட்:
நூற்று முப்பத்தொன்பது யூரோ.
அது குடிக்கிற அளவில்லை என்றான்,
கேட்டால் கொடுக்கிற அளவு.
அறுநூறே போதும் என்றது அவன் கணக்கு.
நான் சாரம் கட்டுகிறவன்.

ஒயர்களை மடித்து, கார்டின் முதுகில் உரசாமல் திணித்து
மூடியைப் பூட்டும்போது இரவு ஒரு மணி.
விரல் முட்டியில் ரத்தம்.
பழையதை டோனிஸ் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

புதன் வந்தது.
நிழல், புகை, தண்ணீரில் தெரியும் வானம்,
எல்லாவற்றையும் வேண்டுமென்றே உச்சத்தில் வைத்தேன்.
கெர்ட்டு வந்தாள். வணக்கம் சொல்லவில்லை.
அதே பாலம்.
வெடித்தது.
தீ நின்று எரிந்தது.
நான் இருந்தேன்.

"அன்னிக்கு என்ன சொல்ல வந்தே?"

ஹெட்போனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.

"இடப்பக்கம் ஒருத்தன்," என்றாள்.