இருபதுக்குப் பக்கத்தில்

கோணிச் சாக்கில் சுற்றி, எண்ணெய் வடிய,
ஆட்டுத்தொடை சுமக்கிறவர் போலத்
தோளில் சாய்த்துக் கொண்டுவந்தார்
மேலப்பாளையம் மைதீன் பிச்சை.
உள்ளே கிராங்க்.
அறுபத்தாறாம் வருசத்து ஃபியட்,
தென்காசி டாக்டர் ஒருத்தர் விற்றது.

"ஏழாயிரம் சுத்தணும்வே.
ஏழாயிரத்துல அது கத்துறத
நீரு கேட்டிருக்கீரா?
நாங்குநேரி நேர்ரோட்டுல
லாரிக்காரன்லாம் கண்ணாடியில பாப்பான்.
போன வெள்ளிக்கெழம மூன்றடைப்பு பக்கத்துல
கொடக்கொடன்னு ஒரு சத்தம். அணச்சிட்டேன்."

மண்ணெண்ணெயில் கழுவினேன்.
மூன்றாவது பின்னில் நகத்தை ஓட்டினால் இடறியது.
ஒரு பக்கம் அளந்தால் ஓர் அளவு,
கால்வட்டம் திருப்பினால் ஒரு தலைமயிர் குறைவு.
வெடிப்பு எப்போதும் ஒரே பக்கம்தான் அடிக்கும்.

பிறகு மூலையைப் பார்த்தேன்.
பின்னும் சுவரும் சேருமிடத்தில்
ஒரு வளைவு இருக்கவேண்டும்,
கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும்
சேருமிடம் போல.
இது கத்தி வெட்டாய் நின்றது.
ஏழாயிரத்தில் முறிகிற கிராங்க்
அங்கேதான் முறியும்.

"எந்தக் கோட்டிக்காரன்வே இத அரைச்சான்?"

திருப்பினேன்.
சுவரில் பஞ்ச் அடித்திருந்தது: 20.
சைபரின் தலையில் சில்லு பெயர்ந்த தடம்.

என் மேசை இழுப்பறையில்
எண் அச்சுகள் ஒன்பது இருக்கின்றன,
ஆறைத் திருப்பினால் ஒன்பது.
சைபருக்குத் தலை உடைந்தது
பேட்டை ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம்
வாடகைக்கு வந்த வருசம்.
கடனில் வாங்கிய மெஷின்.
ஒரு நாளைக்கு நாலு கிராங்க்.
கல்லின் விளிம்பை வைரமுனையால் உருட்டக்
கால்மணி நேரம் ஆகும்.
அந்தக் கால்மணியை
யார் யாருடைய கிராங்கிலிருந்து எடுத்தேன் என்று
கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

"யாரோ அவசரக்காரன்" என்றேன்.
பொய் இல்லை.

காந்தம் வைத்து இரும்புத்தூள் தூவினோம்.
எட்டு மூலையிலும் தூள் கோடு கட்டவில்லை.
மைதீன் பிச்சை அப்பாடா என்றார்.
நான் சொன்னது வெளியே கேட்கவில்லை.

முப்பது வரை பேரிங் கிடைக்கும்.
அதற்குக் கீழே இல்லை.

கல்லை உருட்டினேன், முக்கால் மணி நேரம்.
சக்குகளில் கிராங்கை விலக்கிக் கட்டிப்
பின்னை நடுவுக்குக் கொண்டுவந்தேன்;
மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஆடியது.
பால்வெள்ளைத் தண்ணீரில் பொறி தெரிவதில்லை,
சத்தம்தான்: முதலில் விட்டுவிட்டு,
தேய்ந்த பக்கத்தைத் தொடாமல்,
பிறகு சுற்று முழுதும்.
ஆறு மணிக்கு வோல்டேஜ் இறங்கும்.
அதற்குமுன் கல்லை விலக்கிவிட்டேன்.

அளக்கவில்லை.
தகரக்கூரையின் கீழ் நாளெல்லாம் காய்ந்த இரும்பு
தன்னைப் பெரிதாய்ச் சொல்லும்.
விடிகாலை, மேற்கேயிருந்து
சாரல் வாடையோடு காற்று வந்தபோது
மைக்ரோமீட்டரை வைத்தேன்.
எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே எண்.

எமரியில் மெருகு, ஓடும் திசையிலேயே.
எண்ணெய்த் துளைகளின் வாயை மழுக்கினேன்.

சுடலைவடிவு பில் போட்டாள்.
"மூலை உருட்டுனதுக்கு எவ்வளவு அண்ணாச்சி?"
"அத எழுதாத."
"ஏன்?"
"எழுதாதன்னா எழுதாத."
மைதீன் பிச்சை கூட்டிப் பார்த்தார்.
குறைவாக இருக்கிறதென்று
டீக்கு ஐம்பது ரூபாய் மேசையில் வைத்தார்.
அதை என்ன செய்வதென்று
இன்னும் தெரியவில்லை.

சாக்கில் சுற்றுமுன் ஒன்று பாக்கி இருந்தது.
புது அச்சு செட் வண்ணார்பேட்டையில் கிடைக்கும்,
போய்வர ஒரு மணி நேரம்.
இழுப்பறையைத் திறந்தேன்.
மூன்றை அடித்தேன்.
சைபரை எடுத்து, இருபதுக்குப் பக்கத்தில்
நேராகப் பிடித்து, ஒரே அடி.

மைதீன் பிச்சை இதைப் படிக்கமாட்டார்.
அவர் காது ஏழாயிரத்தில் இருக்கிறது.
என்றைக்காவது ஆயில் சம்பைக் கழற்றிவிட்டு
வண்டிக்கடியில் மல்லாந்து கிடப்பவன்
டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பான்:
இரண்டு சைபர்,
ஒரே உடைசல்.