ஓநாய்ச் சுரம்

29சி-யில் எனக்குக் காசு கிடையாது,
பொம்பளை, இலவசம்.
செல்லோவுக்கு உண்டு.
"இது இன்னா, ஆம்பளையா?" என்பார் கண்டக்டர்,
லக்கேஜ் சீட்டைக் கிழித்தபடி.
பெரம்பூரிலிருந்து ஜெமினி வரை
கல்யாணமாகாத அண்ணனைப் போல
என் தோளில் சாய்ந்து தூங்கி வரும் அது.

எனக்கு இரண்டு கண்டக்டர்கள்.
இன்னொருவர் சாலிகிராமத்தில்,
ஏசி பதினெட்டில், கையில் குச்சியோடு.
"செல்லோ, கொஞ்சம் கம்மியா. இன்னும் கம்மி.
அம்மா சாகற சீன்மா. நீங்க தெரியக் கூடாது."
அங்கே என் பெயரே செல்லோதான்.
பதினாறு பாருக்கு ஒரே சுரத்தை
இழுத்துக்கொண்டிருப்பேன்.
வில் திரும்புமிடம் யாருக்கும் கேட்காது.
அதற்குத்தான் பன்னிரண்டு வருஷம் படித்தேன்.

ஒவ்வொரு செல்லோவுக்குள்ளும் ஓர் ஓநாய் இருக்கிறது.
கதை விடவில்லை, வாசிக்கிறவர்கள் வைத்த பெயர்.
மரத்தின் நடுக்கமும் தந்தியின் நடுக்கமும்
ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் ஒரு சுரம்.
என்னுடையதில் மூன்றாம் தந்தியில்,
எஃப்பைத் தாண்டி அரை விரல்.
அங்கே அழுத்தினால்
தொண்டை கட்டி, கரகரத்து, உறுமும்.
அடக்குவதற்குப் பித்தளைக் குழல் விற்கிறார்கள்,
சுண்டுவிரல் நகம் அளவு.
பிரிட்ஜுக்குக் கீழே தந்தியில் திருகிவிட்டால்
படுத்துக்கொள்ளும்.
நான் எழுதிய எட்டு கிரேடு பரீட்சையிலும்
அது படுத்தே கிடந்தது.

ராத்திரி எட்டரைக்குப் புதுப்பேட்டை.
சைலன்ஸர்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கும்
கடைக்கு மேல் தகரக் கொட்டகை.
கடை, பேஸ் வாசிக்கும் கோமளீஸ்வரனின் அப்பாவுடையது.
என் செல்லோவில் மைக்கைப் பிடித்திருப்பது
ஏதோ ஒரு புல்லட்டின் கிளட்ச் கேபிள் கிளிப்.
தில்லைநாயகி மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவள்.
பகலெல்லாம் வாசல் வாசலாக வாங்கிய திட்டை
ராத்திரி மைக்கில் திருப்பித் தருவாள்,
வட்டியோடு.
டிரம்ஸுக்குத் தாவூத்.
இவர்களுக்கு நான் ஜெசிந்தா.
கல்லூரி விழாக்களில் மட்டும்
"வயலின் அக்கா."

போன ஐப்பசியில், தகரத்தில் மழை விழ,
நாங்கள் மழையைவிடச் சத்தமாக
நாலாவது பாட்டில் இருந்தபோது
குழலின் திருகு கழன்றது.
எங்கேயோ உருண்டு போனது.
எனக்குத் தெரியாது.
விரல் வழக்கம்போல் அந்த இடத்துக்கு இறங்கியது.

ஆம்ப் வழியாக அது வந்தபோது
கீழே வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த பையன்
முகமூடியைத் தூக்கி மேலே பார்த்தானாம்.
எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.
மழை மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தது.
"ஸாரி," என்றேன்.
தாவூத் தூக்கிய குச்சியை இறக்கவில்லை.
"அது இன்னாது?"
"தப்பு."
"அந்தத் தப்ப இன்னொரு தபா போடு."

போட்டேன்.
என் விலா எலும்புக்குள் யாரோ
மரச்சாமான்களை நகர்த்தினார்கள்.
தில்லைநாயகி வார்த்தையை விட்டுவிட்டு
அதன் கூடவே வாயைத் திறந்தாள்.
பன்னிரண்டு வருஷம் நான்
இதன் கழுத்தில்தான் கால் வைத்திருந்தேனா?

டார்ச் அடித்துத் தேடியதில்
குழல் ஒரு சைலன்ஸருக்குள் கிடந்தது.
மறுநாள் காலை சாலிகிராமத்தில்
அதைத் திருகி மாட்டினேன்.
ஐந்தாம் தேதி வாடகை.
வேறொரு படம், வேறொரு அம்மா.
"கம்மியா," என்றார்.
கம்மியாகத்தான் வாசித்தேன்,
நன்றாகவே வாசித்தேன், பொய் சொல்வானேன்.
மாலை பஸ்ஸில் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்,
சில்லறையோடு சில்லறையாக.
இப்படித்தான் தினமும்.

மழைக்காலத்தில் முளைகள் நிற்பதில்லை,
சுதி வழுக்கி வழுக்கி இறங்கும்.
நேற்று சாக்பீஸும் தீர்ந்துவிட்டது.
லக்கேஜ் சீட்டை நாலாக மடித்து
முளை இடுக்கில் செருகினேன்.
பிடித்துக்கொண்டது.
காலையிலும் பிடித்துக்கொண்டிருந்தது.